மணல்வீடும் மணலெழுத்தும்

கொழும்பு மாநகரின் வணிகச் செழிப்பை ஒரே பார்வையிற் காண விழைவோர் புறக்கோட்டைக்குச் செல்லுதல் வழக்கம். கோட்டைக்குப் புறத்தே அமைந்த பகுதியாதலின் தமிழிற் புறக்கோட்டை என்றும், சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ' என்றும் அது வழங்குகின்றது. ஆங்கிலேயர் வழங்கிய 'பெட்டா' என்னும் பெயரோ பேட்டை என்ற தமிழ்ச்சொல்லின் திரிபேயாகும். செட்டியார் தெருவிற் பொன்னும், கெய்சர் வீதியிற் புடைவையும், பிரதான வீதியில் எண்ணிறந்த பண்டங்களும் விலைபேசப்படும் அப்பேட்டையிலே, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்று பெற்றோர் தேடும் பொருள்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று விளையாட்டுப் பொருள். மற்றொன்று எழுத்துப் பயிற்சிக் கொப்பி. விளையாட்டுப் பொருள் அழுகையை அடக்குவதற்கு. கொப்பி அறிவை வளர்ப்பதற்கு. பெற்றோர் பலரின் கணக்கு இதுவே. இக்கணக்குச் சரியானதுதானா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மூன்று வயது நிரம்பிய குழந்தையை 'மொண்டிசோரிக்கு' அனுப்புவதாகத் தாய்மார் கூறுவர். பாலர் பாடசாலை, முன்பள்ளி என்னும் சொற்கள் இருக்கவும், பேச்சு வழக்கிற் பெரிதும் நிலைத்தது இச்சொல்லே. சிங்களத் தாய்மாரும் அவ்வாறே சொல்வர். இஃது ஓர் ஊரின் பெயரன்று. பள்ளிக்கென ஆக்கப்பட்ட கலைச்சொல்லுமன்று. இத்தாலி நாட்டிற் பிறந்த ஒரு பெண் மருத்துவரின் குடும்பப் பெயர். உரோமாபுரியின் ஏழைத் தெருவொன்றிற் புகழ்பெறத் தொடங்கிய அப்பெயர், கொழும்பின் ஒழுங்கைகளிலே பொதுச்சொல்லானது எவ்வாறு? பெயர் வந்தபொழுது அதன் பொருளும் உடன்வந்ததா? விடை காண்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

குழந்தையின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் ஒரு சிறு காட்சியால் உணர்த்தப்படுகின்றது. முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியைப் பெண்ணொருத்தி தன் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகின்றாள். அந்தப் பொன்னணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியை மறிக்கின்றது. பெருநகரொன்றின் செல்வத்தைக் காட்ட வந்த புலவர், அரசனது தேரை விடுத்துக் குழந்தையின் தேரைத் தேர்ந்தெடுத்தமை சிந்திக்கத்தக்கது.

இவ்வுணர்வே பின்னாளிற் பிள்ளைத்தமிழ் என்னும் தனி இலக்கிய வகையாக மலர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாக இன்றுவரை அவ்வகையில் நூல்கள் எழுந்துள்ளன. அவற்றின் பத்துப் பருவங்களை வெறும் மரபு என்று தள்ளிவிடுதல் தகாது. ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, முகம் நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் இறுதியில் அமையும். உடல் அசைவு, கைத்திறன், நடை, பேச்சு, பாவனை என்ற ஒழுங்கிலே குழந்தை வளர்வதை இவ்வைப்புமுறை காட்டுகின்றது. இன்று மருத்துவர் குழந்தையின் வளர்ச்சியை அளக்கக் கையாளும் அட்டவணையும் இதே பாதையிற் செல்வதாகும். முடிவிலுள்ள பருவங்கள் விளையாட்டாகவே அமைந்திருத்தல் கருதத்தக்கது. மணலிலே வீடு கட்டிச் சோறு சமைப்பதாகப் பாவனை செய்யும் பிள்ளை, இல்லாததை இருப்பதாக எண்ணும் ஆற்றலைப் பெற்றுவிட்டது.

ஆயினும் பள்ளிக்கூடம் வேறு வழியிற் சென்றது. ஏடு தொடக்கும் நன்னாளிற் பெரியவர் ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் அகரம் எழுதுவிப்பார். பின்னர் திண்ணைப் பள்ளியிலே சட்டம்பியாரின் முன்னிலையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, அழித்து, மீண்டும் எழுதுதல் நடைபெறும். அரிவரி முடிந்த பின்னரே ஏடும் எழுத்தாணியும் கைக்கு வரும். விரலும் கண்ணும் காதும் ஒருங்கே தொழிற்படும் இம்முறையில் ஆழ்ந்த உண்மையொன்று இருந்தது. ஆனால் அங்கே பிரம்பும் இருந்தது. மணலில் எழுத்து இருந்தது. மணலில் வீடு இல்லை. விளையாட்டு வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இந்த மணலெழுத்து கடல்கடந்து சென்ற வரலாறு சுவையானது. 1789ஆம் ஆண்டிற் சென்னையிலே படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை நிலையத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், ஊர்ப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் ஆர்வங் காட்டவில்லை. எனவே பிள்ளை ஒருவனையே ஏனைய பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு ஏவினார். 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் வாயிலாக 'சென்னை முறை' இங்கிலாந்தெங்கும் அறியப்பட்டது. அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணற்தட்டுகள் வைக்கப்பட்டன. எனினும் பெல் கண்டது குறைந்த செலவிற் பலருக்குக் கற்பிக்கும் உபாயத்தையே. விரல் மணலைத் தீண்டும்பொழுது குழந்தையின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்ற ஆராய்ச்சி அவர் காலத்தில் எழவில்லை.

அவ்வாராய்ச்சிக்கு வழி திறந்தவர் ஜேர்மானியரான பிரெடரிக் புரோபெல். 1837ஆம் ஆண்டிற் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரிற் சிறுவர்க்கென ஒரு நிலையத்தை நிறுவிய அவர், 1840ஆம் ஆண்டில் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அஃதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயரிட்டார். செடி தானே வளரும். தோட்டக்காரன் நீரும் நிழலும் தருவான். அதுபோலவே ஆசிரியரும் அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. பந்து, உருளை, கனசதுரம் முதலிய எளிய பொருள்களை அவர் குழந்தைக்கு 'அன்பளிப்பு' எனக் கொடுத்தார். விளையாட்டே இளம்பருவத்தின் மிக உயர்ந்த செயல் என அவர் துணிந்தார். இக்கொள்கை ஆட்சியாளருக்கு அச்சத்தை ஊட்டியது போலும். 1851ஆம் ஆண்டிற் பிரசிய அரசு இத்தோட்டங்களைத் தடைசெய்தது. மறு ஆண்டிற் புரோபெல் மறைந்தார். தடை நீங்கியது 1860ஆம் ஆண்டிலேதான்.

புரோபெலின் சொல் ஆங்கிலப் பள்ளிகளின் வழியே கொழும்புக்கும் வந்தது. தமிழிலே அரிவரி எனப்பட்ட தொடக்க வகுப்பு ஆங்கிலப் பள்ளிகளிற் கீழ்க் கிண்டர்கார்ட்டன், மேற் கிண்டர்கார்ட்டன் என வகுக்கப்பட்டது. பெயரிலே தோட்டம் இருந்தது. வகுப்பறையிலோ வாங்கும் கற்பலகையுமே மிகுந்திருந்தன. ஒரு நல்ல சொல், தன் பொருளை வழியிலே இழந்துவிட்டு ஊருக்குள் வருவது இந்நகருக்கு அதுவே முதன்முறை எனலாம்.

இனி மொண்டிசோரி அம்மையாரிடம் வருவோம். 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி பிறந்த மரியா மொண்டிசோரி, மருத்துவம் கற்று, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் மத்தியிற் பணிபுரிந்தவர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி உரோமாபுரியின் சான் லொரன்சோப் பகுதியில் அவர் தம் முதலாவது 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். அப்பகுதி தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த அடுக்குவீடுகளைக் கொண்டது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட குழந்தைகள் படிகளிலும் சுவர்களிலும் சேதம் விளைத்தனர். அவர்களை ஓரிடத்திற் சேர்த்துவைக்க வீட்டு உரிமையாளர் விரும்பினர். உலகப் புகழ்பெற்ற கல்விமுறையொன்று பிறந்தது செல்வர் மாளிகையிலன்று. நெருக்கமான நகர்ப்புறத்துத் தொடர்மாடியொன்றின் கீழறையிலேதான். கொட்டாஞ்சேனையின் நெருங்கிய குடியிருப்புகளை அறிந்தோர்க்கு இச்சூழல் அந்நியமாகத் தோன்றாது.

அங்கே குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசையும் நாற்காலியும் இருந்தன. உருளைகளைக் குழிகளிற் பொருத்துதல், நிறங்களை ஒழுங்குபடுத்துதல், பொத்தான் இடுதல், நீர் வார்த்தல் முதலிய செயல்களைக் குழந்தை தானே தேர்ந்து, தானே செய்து, தன் பிழையைத் தானே கண்டு திருத்தியது. உப்புக்கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி அதன் ஒலியைச் சொன்னது. தமிழ்த் திண்ணையின் மணலெழுத்துக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஆயினும் விரல் வழியே எழுத்து உள்ளத்திற் புகும் என்ற உண்மை இரண்டிற்கும் பொது. ஒரு மாரிகாலத்து நாளில் வீட்டின் மேற்றளத்திலே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கியை வரையுமாறு அம்மையார் பணித்தார். வரைந்து முடித்த சிறுவன், எவரும் ஏவாமலே 'கை' என்னும் சொல்லை எழுதினான்; எழுதிவிட்டேன் எனக் கூவிக்களித்தான். எழுதுமாறு யாரும் அவனை வருத்தவில்லை. கை ஆயத்தமானபொழுது எழுத்து தானே வெளிப்பட்டது.

இந்த அம்மையார் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்தமைக்கு ஓர் உலகப்போரும் காரணமாயிற்று. பிரமஞான சபையின் தலைவராக விளங்கிய ஜோர்ஜ் அருண்டேல் விடுத்த அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே நடந்த முதற் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். சில மாதங்கள் தங்கித் திரும்ப எண்ணியிருந்தவரை 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இத்தாலி போரிற் குதித்தமை தடுத்தது. பிரித்தானிய ஆட்சியிலே அவர் பகைநாட்டவரானார். உடன்வந்த மகன் மரியோ தடுத்துவைக்கப்பட்டார். அம்மையாரின் 70ஆவது பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டபோதிலும், நாடு திரும்ப வழியிருக்கவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையிலே தங்கி, குழந்தைகளை நோக்கியும் ஆசிரியர்களைப் பயிற்றியும் காலங் கழித்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அம்மையார் அங்கே அவருடன் பணியாற்றி, பிற்காலத்தில் அமெரிக்காவிலும் அம்முறையைப் பரப்பினார்.

1944ஆம் ஆண்டில் மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் வந்த காலம் முக்கியமானது. கன்னங்கரா அவர்களின் தலைமையிலமைந்த கல்விக் குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டில் வெளியாகியிருந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற பெருங்கொடை அது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றது. அரசினர் பள்ளிகள் அக்குழந்தையை ஏற்கவில்லை. கன்னியர் மடங்களும், சங்கங்களும், தனிப்பட்ட பெண்மணிகளுமே அதனை ஏற்றனர்.

இதன் விளைவு இருவகைத்து. ஒருபுறம், அம்மையாரிடமும் அவர்தம் மாணவியரிடமும் நேரிற் பயின்றோர் அம்முறையை உண்மையாகப் போற்றி வளர்த்தனர். மறுபுறம், அந்தப் பெயர் எவருடைய உடைமையாகவும் பதிவுபெறாமையாற் பயிற்சி பெறாதோரும் அதனைப் பலகையில் எழுதிக்கொள்ள முடிந்தது. காலப்போக்கில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கூடுமிடம் எதுவோ அது மொண்டிசோரி என்றாயிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் கண்காணிப்புக்கு உட்பட்டன. பெயரின் பொதுவழக்கு மட்டும் மாறவில்லை. குழந்தைத் தோட்டத்துக்கு நேர்ந்ததே குழந்தைகள் இல்லத்துக்கும் நேர்ந்தது. பெயர் தங்கியது, பல இடங்களிற் பொருள் நழுவியது. விரலாற் தடவிப் பார்க்கவேண்டிய எழுத்தை மூன்று வயதுக் குழந்தை பென்சிலாற் பக்கம் பக்கமாக எழுதுவதும், அதனை வீட்டுவேலையாகக் கொண்டுசெல்வதும் அப்பெயரின் கீழேயே நடைபெறலாயின.

இவ்விடத்து ஒரு நுணுக்கத்தை மறைத்தல் முறையன்று. மொண்டிசோரி அம்மையார் 'விளையாட்டு' என்ற சொல்லைப் பெரிதும் விரும்பியவரல்லர். 'வேலை' என்றே அவர் குறித்தார். தம் முதற் பள்ளியில் வைக்கப்பட்ட அழகிய பொம்மைகளைக் குழந்தைகள் நாடவில்லை என்றும், பயன்தரும் செயல்களையே விரும்பின என்றும் அவர் கண்டார். பாவனைக் கதைகளில் அவருக்கு ஐயம் இருந்தது. எனவே விளையாட்டின் முழுப் பெருமையையும் அவர் ஒருவரிடமே தேடுதல் கூடாது. அவர் விட்ட இடத்தைப் பிறர் நிரப்பினர்.

அவர்களுள் ஒருவர் சூசன் ஐசக்ஸ் அம்மையார். 1924 முதல் 1927 வரை இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் மோல்டிங் ஹவுஸ் என்னும் பள்ளியை அவர் நடத்தினார். குழந்தைகள் தோட்டத்தைக் கிளறினர், பிராணிகளை வளர்த்தனர், தாயாகவும் தந்தையாகவும் வைத்தியராகவும் வேடமிட்டனர், முடிவற்ற வினாக்களை எழுப்பினர். அவர்கள் சொன்னதும் செய்ததும் அன்றாடம் குறித்துவைக்கப்பட்டன. 1927ஆம் ஆண்டில் அப்பள்ளியைப் பார்வையிட்டோருள் சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜீன் பியாஜே ஒருவர். குழந்தை என்பது சிறிய பெரியவரன்று, அதன் சிந்தனைக்குத் தனியான அமைப்பு உண்டு என்பதை நிலைநாட்டியவர் அவர். பாவனை விளையாட்டு எவ்வாறு குறியீட்டுச் சிந்தனைக்கு அடியாகின்றது என்பதை 1945ஆம் ஆண்டில் வெளியான நூலில் அவர் விளக்கினார்.

இவ்விளக்கத்தை மேலும் ஒருபடி கொண்டுசென்றவர் சோவியத் நாட்டு அறிஞர் விகொட்ஸ்கி. 38 வயதுக்குள் மறைந்த இவர், 1933ஆம் ஆண்டில் விளையாட்டைப்பற்றி ஆற்றிய விரிவுரை மூன்று தசாப்தங்களுக்குப் பின்னரே அச்சேறியது. அவர் எடுத்துக்காட்டியது எளிய உண்மை. குழந்தை ஒரு தடியைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரை என்று ஓட்டுகின்றது. தடி தடிதான் என்பதைக் குழந்தை அறியும். அறிந்திருந்தும், கண்காணும் பொருளிலிருந்து அதன் பொருளைப் பிரித்தெடுத்து, வேறொன்றில் ஏற்றுகின்றது. எழுத்தும் அத்தகையதன்றோ? வளைந்த கோடொன்று ஓர் ஒலிக்காக நிற்கின்றது. சில ஒலிகள் சேர்ந்து தாய்க்காக நிற்கின்றன. தடியைக் குதிரையாக்கத் தெரிந்த பிள்ளைக்கே கோட்டினை ஒலியாக்குதல் எளிதாகும். மணல்வீடு மணலெழுத்துக்குப் பகையன்று; அதற்கு முன்னோடி.

விளையாட்டு என்பது கட்டுப்பாடின்மை என்று கருதுதலும் தவறு. சகோதரிகள் இருவர் 'சகோதரிகளாக' விளையாடிய நிகழ்ச்சியை விகொட்ஸ்கி எடுத்துக்காட்டுவார். நாள்தோறும் எண்ணாமல் நடந்துகொள்ளும் அவர்கள், விளையாட்டிலே சகோதரி என்போள் எவ்வாறு நடக்கவேண்டும் என்று ஆராய்ந்து, அந்த விதிக்கு அடங்கி நடந்தனர். அவர் வழிவந்த ஆய்வாளர் ஒருவர் 1940களிற் சிறுவரை அசையாமல் நிற்குமாறு பணித்தபொழுது அவர்கள் சிறிது நேரமே நின்றனர். காவற்காரனாக நிற்கும் விளையாட்டிலோ அச்சிறுவரே மிக நீண்ட நேரம் அசையாமல் நின்றனர். 'சும்மா இரு' என்ற அதட்டல் செய்யாததை ஒரு பாவனை செய்துவிட்டது.

இவற்றையெல்லாம் இந்நாட்டு விளையாட்டுகளிற் காண்பதற்குக் கருவியொன்றும் வேண்டியதில்லை. சிரட்டையும் இலையும் கொண்டு சோறு கறி காய்ச்சும் பிள்ளைகள், யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும்பொழுது கணக்குக் கற்கின்றனர். பேணி மூடிகளைத் தராசாக்கிக் கடை நடத்தும் பிள்ளை, எடையையும் விலையையும் மட்டுமன்றி, பேரம் பேசும் மொழித்திறனையும் பயில்கின்றது. கொக்கான் வெட்டும்பொழுது கண்ணும் கையும் இணங்குகின்றன. பல்லாங்குழியிலே எண்ணலும் முன்னோக்கிச் சிந்தித்தலும் பழகுகின்றன. அடுத்த வீட்டிற் சிங்களமும் எதிர்வீட்டிற் தமிழும் பேசும் கொழும்பு ஒழுங்கையில், கூடி விளையாடும் குழந்தை இலக்கணமின்றி இரண்டாம் மொழியொன்றைப் பெற்றுவிடுகின்றது.

அவ்வாறாயிற் பெற்றோர் ஏன் அவசரப்படுகின்றனர்? அவர்களைக் குறைகூறுதல் எளிது, விளங்கிக்கொள்ளுதலே கடமை. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்து வன்செயலிற் புறக்கோட்டையிற் கடைகளும் வெள்ளவத்தையில் வீடுகளும் எரிந்தன. பல தலைமுறைகளாகச் சேர்த்தவை சில மணி நேரத்திற் சாம்பலாயின. பின்னர் நீண்ட போர் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து குடும்பங்களை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கொணர்ந்து சேர்த்தது. காணியும் வீடும் இழந்தோர்க்கு எஞ்சிய ஒரே செல்வம் கல்வி. நெருப்பும் கள்வரும் கொள்ளமுடியாத செல்வம் அது என்பது அவர்களுக்குப் பாடநூற் செய்தியன்று, பட்டறிந்த உண்மை. அதனாலேயே மூன்று வயதுக் கையிற் பென்சிலைத் திணிக்கும் பதற்றம் பிறக்கின்றது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளியின் வாயில்வரை நீள்கின்றது.

அதே காலத்தில் விளையாடும் இடமும் சுருங்கியது. முற்றமும் கிணற்றடியும் மாமரமும் இருந்த வீடுகளின் இடத்திலே தொடர்மாடிகள் எழுந்தன. வெள்ளவத்தையின் கடற்கரை அருகிலிருந்தும் இருப்புப்பாதை இடையே கிடக்கின்றது. கீழே வாகனம், மேலே பூட்டிய கதவு. குழந்தையின் கையில் எஞ்சியது கைத்தொலைபேசியின் திரை. ஆடும் படம் திரையில் உண்டு. ஆடும் குழந்தை அங்கு இல்லை.

துயருற்ற குழந்தைக்கு விளையாட்டு கல்வி மட்டுமன்று, மருந்துமாகும். இரண்டாம் உலகப்போரின்போது அன்னா பிராய்ட் அம்மையார் இலண்டனில் நடத்திய போர்க்காலக் குழந்தை இல்லங்களிற் பிள்ளைகள் குண்டுவீச்சையே விளையாடித் தம் அச்சத்தை வெளிப்படுத்தினர். இலங்கையில் இதற்குச் சிறந்த சான்று மட்டக்களப்பில் உண்டு. 1996ஆம் ஆண்டில் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன், யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார் முதலியோர் அதனை உருவாக்கினர். போரால் தாக்குண்ட தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கு ஒருங்கே அழைத்துவரப்பட்டனர். களிமண், வர்ணம், கதை, நாடகம், தோட்டம் என்பவற்றின் நடுவிலே, சொல்லமுடியாத துயரைச் செய்துகாட்டவும், பகைவர் எனப்பட்டோரின் பிள்ளைகளோடு கைகோத்து ஆடவும் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

விளையாட்டோடு கூடிய முன்பள்ளி பிற்கால வாழ்வுக்குப் பயன்தருமா என்னும் ஐயத்துக்கும் விடை உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில் 1962 முதல் 1967 வரை ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளிடையே பெரி முன்பள்ளி ஆய்வு நடைபெற்றது. 58 பேருக்கு முன்பள்ளி கிட்டியது. 65 பேருக்குக் கிட்டவில்லை. தாமே திட்டமிட்டு, செய்து, பின் நினைவுகூரும் முறையிற் பயின்ற பிள்ளைகள் 40 வயதில் ஆராயப்பட்டபொழுது, உயர்நிலைப் பள்ளியை முடித்ததிலும் வருவாயிலும் மற்றையோரை விஞ்சி நின்றனர். அதே ஊரில் 68 பிள்ளைகளைக் கொண்டு முறைகளையே ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில், ஆசிரியர் சொல்லச் சொல்லப் பயின்றவர்களைவிடத் தாமே செயற்பட்டுப் பயின்றவர்கள் 23 வயதிற் சமூக வாழ்வில் மேம்பட்டிருந்தனர். எழுத்தை முந்திக் கற்றமை நீடித்த நன்மையாகவில்லை. முயற்சியும் தன்னடக்கமும் நீடித்தன.

இலங்கைக் கல்வித்துறையும் இவ்வுண்மையை ஏற்றதுண்டு. 1997ஆம் ஆண்டின் சீர்திருத்தம் 1998இற் கம்பகாவில் முதலாந் தரத்தில் தொடங்கி, மறு ஆண்டில் நாடெங்கும் பரவியது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என மூன்றாக வகுத்து, முதலிரு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம் அளிக்கப்பட்டது. எனவே ஐந்து வயதிற் பள்ளி புகும் பிள்ளைக்கு அரசே விளையாட்டை விதித்திருக்க, மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துவேலையை விதித்தல் தலைகீழான ஒழுங்கன்றோ? 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை விளையாட்டைக் குழந்தையின் உரிமை என வகுக்கின்றது. 1991ஆம் ஆண்டில் இலங்கை அதனை ஏற்று உறுதிசெய்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. அதனைச் சொல்லிப் பிள்ளையை வளைப்போர், இளங்கொம்பு வளைவது அதன் பசுமையினால் என்பதை மறத்தல் கூடாது. பசுமை உலர்ந்தபின் வளைத்தால் முறியும். அந்தப் பசுமையைக் காப்பது விளையாட்டு. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாடிவீட்டின் ஓரத்தில் ஒரு தட்டு மணல், சில பேணிகள், பழந்துணி, பெரியவர் ஒருவரின் அரைமணி நேரம் ஆகியவை போதும். முன்பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பலகையிலுள்ள பெயரை மட்டும் படித்துத் திரும்பாமல், உள்ளே குழந்தைகள் எதைத் தாமாகத் தேர்ந்து செய்கின்றனர் என்று சற்று நின்று பார்த்தல் நன்று. ஆசிரியை பேசும் நேரம் குறைவாகவும் பார்க்கும் நேரம் மிகுதியாகவும் இருப்பின், அங்கே அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு.

தம் பிள்ளைக்கு எவராலும் பறிக்கமுடியாத செல்வத்தைத் தேடும் கொழும்புத் தமிழ்ப் பெற்றோரின் நோக்கம் மிக உயர்ந்தது. அச்செல்வத்தின் முதற்பணம் கொப்பியின் பக்கங்களிற் சேர்வதன்று. சிற்றில் கட்டி, சிறுதேர் உருட்டி, அம்புலியை அழைக்கும் வயதிலே, எவரும் ஏவாமல் உள்ளத்தில் எழும் ஆர்வமாகவே அது சேர்கின்றது. மாலையில் வீடு திரும்பும் குழந்தையை நோக்கி 'இன்று என்ன எழுதினாய்?' என்று வினவும் தாய்மார், அதற்கு முன்னே 'இன்று என்ன விளையாடினாய்?' என்று வினவுவாராயின், எழுத்துக்கு ஒரு குறைவும் நேராது. எழுதப்போகும் கைக்கு வலிமையும், எழுதத்தக்க கருத்துக்கு ஊற்றும் அங்கேயே பிறக்கும்.